திசையன் வரைகலையில் அம்புக்குறிக் கோடுகள்: ஒரு வரலாறு

திசையன் வரைகலை மென்பொருளில் அம்புக்குறிக் கோடு என்பது, ஒரு முனையிலோ இரு முனைகளிலுமோ அம்புமுனை பொருத்தப்பட்ட கோட்டைக் குறிக்கும். இயற்பியலில் விசையின் திசையைக் காட்டவும், வேதியியலில் வினையின் போக்கைச் சொல்லவும், பொறியியல் வரைபடத்தில் அளவுகளைக் குறிக்கவும், கணினி அறிவியலில் பாய்வுப்படம் வரையவும் இக்கோடு பயன்படுகிறது. பார்வைக்கு ஒரே பொருளாகத் தோன்றினாலும் கணினியின் கணக்கில் கோடு வேறு, அம்புமுனை வேறு. இவ்விரண்டையும் எப்படி இணைப்பது, இணைக்கும் பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்குக் கடந்த நாற்பது ஆண்டுகளில் பலவகையான விடைகள் தரப்பட்டுள்ளன. முழு நிறைவான விடை இன்னும் கிடைக்கவில்லை.

இது வெறும் அலங்காரச் சிக்கல் அன்று. கோட்டின் நிறம் மங்கினால் படத்தின் அழகுதான் குறையும்; அம்புமுனை திரும்பிவிட்டால் படம் சொல்லும் செய்தியே தவறாகிவிடும். ஒரு பொருளின் எடையைக் காட்டும் அம்பு மேல்நோக்கி இருந்தால், அந்தப் படத்துக்கு எந்த ஆசிரியரும் மதிப்பெண் தரமாட்டார்.

திசையன் என்னும் சொல்

ஒளிப்படம் போன்ற படங்கள் நிறப்புள்ளிகளின் தொகுப்பாகச் சேமிக்கப்படுகின்றன. திசையன் வரைகலையிலோ புள்ளிகளின் ஆயங்களும் அவற்றை இணைக்கும் கோடு, வளைவு ஆகியவற்றின் விவரங்களும் மட்டுமே சேமிக்கப்படுகின்றன. அதனால் படத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் விளிம்பு சிதைவதில்லை. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 'திசையன்' என்றும் இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் 'காவி' என்றும் வழங்குவது ஒரே கருத்துதான். மூலமான இலத்தீன் சொல்லுக்குச் சுமந்து செல்வது என்று பொருள். காவி என்பது அதற்கு நெருக்கமான ஆக்கம். திசையன் என்பதோ திசையை முன்னிறுத்துகிறது. அம்புக்குறியைப் பற்றிப் பேசும்போது இச்சொல் மிகப் பொருத்தமாக அமைந்துவிட்டது.

ஏனெனில், இத்தகைய கோப்பில் உள்ள ஒவ்வொரு பாதைக்கும் அம்புமுனை இல்லாவிட்டாலும் திசை உண்டு. எந்தப் புள்ளியில் வரையத் தொடங்கினோமோ அது தொடக்கம். எங்கே முடித்தோமோ அது முடிவு. இந்த வரிசை திரையில் தெரிவதில்லை. 'முடிவில் அம்பு வை' என்று கட்டளையிடும்போதுதான் அது வெளிப்படும். வலமிருந்து இடமாகக் கோடு இழுத்த மாணவர், அம்பு இடப்புறம் வந்து நிற்பதைக் கண்டு மென்பொருள் பிழை என்று நினைப்பதுண்டு. மென்பொருள் சரியாகவே செய்திருக்கிறது. பாதையின் திசையைத் திருப்பும் கட்டளை பெரும்பாலான வரைகலை மென்பொருள்களில் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அச்சுப் படங்களில் அம்பு

அம்பு மிகப் பழைய ஆயுதம். ஆனால் 'இந்தப் பக்கம்' என்று சுட்டும் குறியாக அது படங்களில் புகுந்தது அண்மைக் காலத்தில்தான். இடைக்கால ஐரோப்பியச் சுவடிகளில் முக்கியமான வரியைச் சுட்ட, ஓரத்தில் ஆள்காட்டி விரலை நீட்டிய கையை வரைந்தனர். கலை வரலாற்றாசிரியர் எர்ன்ஸ்ட் கோம்பிரிச், திசைகாட்டும் அம்பின் தொடக்கத்தைத் தேடி, 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பொறியாளர் பெர்னார் ஃபோரே டி பெலிடோர் எழுதிய நீரியல் கட்டுமான நூலுக்கு வந்து சேர்ந்தார். 1737இல் வெளிவரத் தொடங்கிய அந்நூலின் படங்களில் நீர் ஓடும் திசை அம்புகளால் காட்டப்பட்டிருந்தது.

அதற்கு அரை நூற்றாண்டு முன்பு, 1686இல், எட்மண்ட் ஹாலி கடற்காற்றுகளின் வரைபடம் ஒன்றை வெளியிட்டார். வால்மீனால் பெயர் பெற்ற அதே ஹாலிதான். காற்றின் திசையைக் காட்ட அவர் அம்புமுனையைப் பயன்படுத்தவில்லை. ஒரு பக்கம் கூர்ந்த சிறு கீற்றுகளை வரிசையாக வரைந்தார். இதில் கவனிக்க வேண்டியது, கூர்ந்த முனை காற்று வரும் திசையைக் காட்டியது. போகும் திசையை அன்று. இன்றைய மாணவர் அப்படத்தைப் பார்த்தால் காற்றை நேரெதிராகவே படிப்பார். வடக்கிலிருந்து வருவதை வாடை என்றும் தெற்கிலிருந்து வருவதைத் தென்றல் என்றும் பிறப்பிடத்தால் அழைக்கும் தமிழருக்கு ஹாலியின் முறை ஒன்றும் விந்தையாகத் தோன்றாது. கோபுர உச்சிகளில் சுழலும் காற்றுத்திசைகாட்டியின் கூரும் காற்று வரும் பக்கத்தையே காட்டுகிறது. கூர் என்றால் போகுமிடம் என்பது இயற்கை விதி அன்று. பழக்கத்தால் நிலைத்த உடன்பாடு.

அந்த உடன்பாடு 19ஆம் நூற்றாண்டில் அறிவியல் முழுவதும் பரவியது. 1884இல் டச்சு வேதியியலாளர் வான்ட் ஹாஃப், மீள்வினையைக் குறிக்க எதிரெதிரான இரண்டு அம்புகளைப் பயன்படுத்தினார். 1922இல் கெர்மாக், ராபின்சன் ஆகியோர் எலக்ட்ரான்களின் இடப்பெயர்ச்சியைக் காட்ட வளைந்த அம்புகளைக் கொண்டுவந்தனர். 1947இல் கோல்ட்ஸ்டைனும் வான் நியூமனும் கணினி நிரலின் போக்கை அம்புகளால் இணைத்த பாய்வுப்படங்களாக வரைந்தனர். கணினி படம் வரையக் கற்றுக்கொள்வதற்கு முன்பே கணினியை விளக்க அம்பு தேவைப்பட்டுவிட்டது.

எழுத்தாக இருந்த அம்பு

கணினியில் அம்பு முதலில் நுழைந்தது படமாக அன்று, எழுத்தாக. 1963ஆம் ஆண்டின் ஆஸ்கி குறியீட்டுத் தொகுப்பில் மேல்நோக்கிய அம்பு ஒன்றும் இடநோக்கிய அம்பு ஒன்றும் இருந்தன. 1967இல் தொகுப்பைத் திருத்தியபோது மேலம்பின் இடத்தில் தொப்பிக் குறியும் இடதம்பின் இடத்தில் அடிக்கோடும் வந்து அமர்ந்தன. இன்று மின்னஞ்சல் முகவரிகளில் நாம் தட்டும் அடிக்கோடு ஒரு காலத்தில் அம்பின் இருக்கையில் வந்து உட்கார்ந்ததுதான். பிற்காலத்தில் யூனிகோடு அம்புகளுக்கென்றே 112 இடங்களை ஒரு தனித் தொகுதியாக ஒதுக்கியது.

எழுத்தாக இருக்கும் அம்பால் ஒரு தொல்லை உண்டு. எழுத்தைச் சாய்த்து அச்சிட முடியாத அமைப்பில் அம்பையும் விரும்பிய கோணத்துக்குச் சாய்க்க முடியாது. லெஸ்லி லாம்போர்ட் 1980களில் உருவாக்கிய லேடெக் ஆவணத் தயாரிப்பு அமைப்பில் இது வெளிப்படையாகத் தெரிந்தது. அதன் படம் வரையும் பகுதியில் சாய்கோடுகளும் அம்புமுனைகளும் ஒரு தனி எழுத்துருவில் அடங்கிய எழுத்துகளாக இருந்தன. எனவே எழுத்துருவில் உள்ள சாய்வுகளில் மட்டுமே வரைய முடியும். கோட்டின் சாய்வைக் குறிக்கும் இரு எண்களும் 6ஐத் தாண்டாத முழு எண்களாக இருக்க வேண்டும். அம்புக்கோ 4ஐத் தாண்டக் கூடாது. இரண்டுக்கும் பொது வகுத்தியும் இருக்கக் கூடாது.

இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 1 முதல் 4 வரையுள்ள எண்களில் பொது வகுத்தி இல்லாத சோடிகள் 11. நான்கு கால்பகுதிகளுக்கும் 44. கிடையும் நிலையுமான நான்கு திசைகளைச் சேர்த்தால் 48. ஆக, அந்த அமைப்பில் ஓர் அம்பு பார்க்கக்கூடிய திசைகள் மொத்தம் 48 மட்டுமே. சாய்தளத்தில் 20 பாகைக் கோணத்தில் விசை செயல்படுகிறது என்று வினாத்தாள் தயாரிப்பவர் அதற்கு அருகிலுள்ள வேறொரு சாய்வோடு மனநிறைவு அடைய வேண்டியிருந்தது. இத்தடையை நீக்கும் கூடுதல் தொகுப்பு பின்னாளில் வந்தது.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு நிகழ்ச்சி. லேடெக்கிற்கு அடித்தளமான டெக் அமைப்பை உருவாக்கிய டொனால்ட் கனூத், தம் எழுத்துருவில் இருந்த அம்புகளை 1992இல் திருத்தினார். அம்புமுனைகள் மிகச் சிறியனவாக இருந்ததால் ஒளிநகல் எடுக்கும்போது மறைந்துவிடும். ஆகவே அவற்றைப் பெரிதாகவும் கருமையாகவும் ஆக்கினார். நகலின் நகலை வைத்துப் படித்த எந்த மாணவருக்கும் இத்திருத்தத்தின் அருமை புரியும். முனை மறைந்த அம்பு கழித்தல் குறியாகவே கண்ணுக்குத் தெரியும்.

கட்டளையாக மாறிய அம்பு

பெல் ஆய்வகத்தில் பிரையன் கெர்னிகன் 1980களின் தொடக்கத்தில் 'பிக்' என்ற சிறிய மொழியை உருவாக்கினார். சுட்டியால் இழுத்து வரைவதற்கு மாறாக, படத்தைச் சொற்களால் விவரிப்பது அதன் முறை. பெட்டி, வட்டம், நீள்வட்டம், வில், கோடு ஆகியவற்றோடு அம்பும் அம்மொழியின் அடிப்படைச் சொற்களில் ஒன்று. பெட்டி, அம்பு, பெட்டி என்று மூன்று சொற்களை எழுதினால் இரண்டு பெட்டிகளும் அவற்றை இணைக்கும் அம்பும் வந்துவிடும். அம்புமுனையின் நீளம் 0.1 அங்குலம், அகலம் 0.05 அங்குலம் என்று முன்னிருப்பு அளவுகள் வகுக்கப்பட்டிருந்தன, வேண்டுவோர் மாற்றிக்கொள்ளலாம். இங்கே அம்பு என்பது கோட்டின் ஒரு வகை. ஒட்டுவேலை ஏதும் பயனரின் தலையில் விழவில்லை.

1985இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் தோன்றிய எக்ஸ்ஃபிக் மென்பொருளும் இதே பாதையில் சென்றது. அதன் கோப்பில் ஒவ்வொரு கோட்டுக்கும் 'முன்னம்பு உண்டா, பின்னம்பு உண்டா' என்ற விவரம் கோட்டோடு சேர்த்தே எழுதப்பட்டது.

ஜான் ஹாபி உருவாக்கிய மெட்டாபோஸ்ட் மொழியின் அம்பு இவை எல்லாவற்றிலும் நுட்பமானது. முன்கூட்டியே செய்து வைத்த முக்கோணத்தை அது கொண்டுவந்து ஒட்டுவதில்லை. பாதையின் கடைசித் துண்டை எடுத்து, முடிவுப் புள்ளியை மையமாக வைத்து அதை ஒரு பக்கம் 22.5 பாகையும் மறுபக்கம் 22.5 பாகையும் சுழற்றுகிறது. சுழன்ற இரு துண்டுகளுக்கும் இடைப்பட்ட 45 பாகைதான் அம்புமுனையின் கோணம். பாதை வளைந்திருந்தால் அம்புமுனையின் பக்கங்களும் அதே வளைவைப் பெறும். அதாவது அம்புமுனை கோட்டிலிருந்தே பிறக்கிறது. இத்தனை எளிய வழியைப் பின்வந்த பெரிய மென்பொருள்கள் பின்பற்றாமல் போனது வருத்தத்திற்குரியது.

போஸ்ட்ஸ்கிரிப்ட் விட்டுச்சென்ற இடைவெளி

ஜான் வார்னாக், சார்லஸ் கெஷ்கி இருவரும் 1982இல் தொடங்கிய அடோபி நிறுவனம் போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற பக்க விவரிப்பு மொழியை வெளியிட்டது. 1985இல் ஆப்பிள் லேசர்ரைட்டர் அச்சுப்பொறி அதை அலுவலகங்களுக்குக் கொண்டு சேர்த்தது. திசையன் வரைகலையின் இன்றைய சிந்தனை முறை பெரும்பாலும் இதிலிருந்து வந்தது: முதலில் பாதையை அமை, பிறகு அதற்கு மை பூசு.

அம்மொழியில் கோட்டின் முனைக்கு மூன்று வடிவங்கள் உண்டு. வெட்டிய முனை, உருண்டை முனை, சற்றே நீண்ட சதுர முனை. அம்புமுனை அப்பட்டியலில் இல்லை. வேண்டுமென்றே விடப்பட்டது என்றுதான் கொள்ள வேண்டும். ஏனென்றால் 1985இல் அடோபி வெளியிட்ட பயிற்சி நூலின் செய்முறைப் பகுதியில் அம்பு வரைவதற்கென்று தனி நிரலே தரப்பட்டுள்ளது. வால்புள்ளி, முனைப்புள்ளி, தண்டின் தடிமன், தலையின் அகலம், தலையின் நீளம் ஆகியவற்றைக் கொடுத்தால் ஏழு மூலைகள் கொண்ட அம்பு வடிவத்தை அந்நிரல் அமைக்கும். வேண்டியவர் தாமே செய்துகொள்ளலாம் என்பதே அதன் உட்பொருள்.

மொழியை வடிவமைத்தவர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. உருண்டை முனை என்றால் ஒன்றுதான். கோட்டின் தடிமன் தெரிந்தால் வரைந்துவிடலாம். அம்புமுனை என்றால் எந்த அம்புமுனை? எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம், உள்ளே நிரப்புவதா விடுவதா? பொறியியலாளர் ஒன்று கேட்பார், வேதியியலாளர் வேறொன்று கேட்பார். இத்தனை கேள்விகளை அச்சுப்பொறியின் மொழிக்குள் கொண்டுவராமல் விட்டதில் தவறில்லை. ஆனால் அந்த இடைவெளியின் விளைவு நீண்டது. இன்று வலைப்பக்கங்களில் படம் வரையப் பயன்படும் கேன்வாசிலும் அதே மூன்று முனைகள்தான், அம்பு இல்லை.

1987இல் வெளிவந்த அடோபி இல்லஸ்ட்ரேட்டர் போஸ்ட்ஸ்கிரிப்ட்டின் பிள்ளை என்பதால் அதன் குணமும் ஒட்டிக்கொண்டது. நெடுங்காலம் அதில் அம்புமுனை சேர்ப்பது, கோட்டின் தடிமன், நிறம் ஆகியவற்றை அமைக்கும் பலகையில் இல்லாமல், வடிகட்டி என்றும் பிறகு விளைவு என்றும் பெயரிட்ட வேறொரு பட்டியலுக்குள் ஒளிந்திருந்தது. 2010இல் வந்த சிஎஸ்5 பதிப்பில்தான் அம்புமுனை கோட்டுப் பலகைக்கு இடம் மாறியது. அப்போது கூடவே ஒரு தெரிவும் வந்தது: அம்பின் கூர், பாதையின் முடிவுப் புள்ளியில் நிற்க வேண்டுமா, அதைத் தாண்டி நீள வேண்டுமா? இந்தக் கேள்வி ஏன் எழுகிறது என்பது பின்னர் விளக்கப்படும்.

பொறியியல் வரைபடத்துக்கென்று 1982இல் வந்த ஆட்டோகேட் இந்தக் குழப்பங்களில் சிக்கவில்லை. அளவுக்கோட்டின் அம்புமுனை எப்படி இருக்க வேண்டும் என்பதை வரைபலகைக் காலத்திலேயே அத்துறையினர் முடிவு செய்துவிட்டனர். நீளம் அகலத்தைப் போல் மூன்று மடங்கு என்பது பாலிடெக்னிக் மாணவருக்கு முதலாண்டிலேயே சொல்லித்தரப்படும் விதி. மென்பொருள் அந்த மரபை அப்படியே எடுத்துக்கொண்டு, அளவை ஒரு மாறியில் வைத்தது.

எஸ்.வி.ஜி. தந்த விடை

1998இல் வலைப்பக்கங்களுக்கான திசையன் வரைகலை மொழி ஒன்றை உருவாக்கும் பொருட்டு டபிள்யூ3சி என்ற வலைத் தர அமைப்பிடம் போட்டி முன்மொழிவுகள் வந்தன. மைக்ரோசாஃப்ட் முதலியோர் முன்வைத்த வி.எம்.எல். மொழியில் கோட்டின் முடிவில் என்ன அம்பு என்பதை ஒரே சொல்லில் குறிக்கலாம். முக்கோணம், வைரம், நீள்வட்டம், திறந்த அம்பு என்று பெயர்கள் அதில் இருந்தன. இறுதியில் 2001 செப்டம்பரில் தரமாக வெளிவந்த எஸ்.வி.ஜி. இந்த எளிய வழியை ஏற்கவில்லை. மாற்றாக 'மார்க்கர்' என்ற பொதுவான கருவியைத் தந்தது.

மார்க்கர் என்பது முத்திரை போன்றது. பயனர் விரும்பும் எந்த வடிவத்தையும் ஒருமுறை வரைந்து பெயரிட்டு வைத்துக்கொள்ளலாம். பிறகு ஒரு பாதையின் தொடக்கத்திலோ, இடைப்பட்ட கணுக்களிலோ, முடிவிலோ அம்முத்திரையைக் குத்தச் சொல்லலாம். பாதை அந்த இடத்தில் எத்திசையில் செல்கிறதோ அத்திசைக்கு முத்திரை தானே திரும்பிக்கொள்ளும். அம்புதான் என்றில்லை; புள்ளி, வைரம், மீன் வடிவம் எதுவும் முத்திரையாகலாம். கருத்தளவில் இது அழகான ஏற்பாடு. நடைமுறையில் மாணவர்கள் பட்ட பாடு வேறு.

முதல் தொல்லை நிறம். முத்திரை ஓரிடத்தில் வரையறுக்கப்படுகிறது, வேறோரிடத்தில் பயன்படுகிறது. அது தன் நிறத்தைத் தான் வரையறுக்கப்பட்ட இடத்திலிருந்து பெறுமே தவிர, தன்னைப் பயன்படுத்தும் கோட்டிலிருந்து பெறாது. எனவே சிவப்புக் கோடு வரைந்து அம்புமுனை கேட்டால், சிவப்புத் தண்டில் கறுப்புத் தலை வந்து நிற்கும். சோடிபோடி என்ற மென்பொருளிலிருந்து 2003இல் பிரிந்து வளர்ந்த இங்க்ஸ்கேப், எஸ்.வி.ஜி.யைத் தன் சொந்தக் கோப்பு வடிவமாகக் கொண்டது. கட்டற்ற மென்பொருள் என்பதால் மாணவர்களும் ஆசிரியர்களும் பெருமளவில் பயன்படுத்தும் கருவி இது. இதில் கறுப்புத் தலைச் சிக்கல் பல ஆண்டுகள் நீடித்தது. மார்க்கரின் நிறத்தைக் கோட்டின் நிறத்துக்கு மாற்றுவதற்கென்றே நீட்சிப் பட்டியலில் ஒரு தனிக் கட்டளை இருந்தது. கோட்டின் நிறத்தை மீண்டும் மாற்றினால் அக்கட்டளையை மீண்டும் இயக்க வேண்டும். பின்வந்த பதிப்புகளில் மென்பொருளே ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு முத்திரைப் பிரதியைத் தானாகச் செய்துகொள்ளத் தொடங்கியது. ஐந்து நிறக் கோடுகள் வரைந்தால் கோப்புக்குள் ஐந்து அம்புமுனைகள். எஸ்.வி.ஜி.யின் இரண்டாம் பதிப்பு, 'என்னைப் பயன்படுத்தும் கோட்டின் நிறத்தை எடுத்துக்கொள்' என்று முத்திரைக்குச் சொல்லும் வழியை வகுத்தது. வலை உலாவிகள் அதை ஏற்பதற்கு மேலும் பல ஆண்டுகள் பிடித்தன.

இரண்டாவது, தொடக்க முனை. பாதை செல்லும் திசைக்கு முத்திரை திரும்பும் என்பதால், முடிவில் சரியாக வெளிநோக்கி நிற்கும் அதே அம்பு தொடக்கத்தில் கோட்டுக்குள் நோக்கி நிற்கும். இரு முனையிலும் வெளிநோக்கிய அம்பு வேண்டுமென்றால் இரண்டு முத்திரைகள் தேவை. இங்க்ஸ்கேப்பின் பழைய பட்டியலில் ஒரே அம்பு 'தொடக்கம்', 'முடிவு' என்று இருமுறை இடம்பெற்றதன் காரணம் இதுதான். தொடக்கத்துக்கான அம்பை முடிவில் வைத்துவிட்டு, அம்பு ஏன் பின்னோக்கிப் பார்க்கிறது என்று திகைத்தவர் பலர். இதற்கும் இரண்டாம் பதிப்பில் தீர்வு உண்டு. தொடக்கத்தில் மட்டும் தானாகத் திரும்பிக்கொள் என்று குறிக்கலாம்.

மூன்றாவது, அளவு. வேறு ஏதும் சொல்லாவிட்டால் அம்புமுனை கோட்டின் தடிமனைப் பொறுத்துப் பெரிதாகும். மெல்லிய கோட்டில் அளவாகத் தெரியும் முனை, கோட்டைத் தடிப்பாக்கியதும் யானைத் தலைபோல் வீங்கிவிடும்.

கூர்முனையின் வடிவியல்

மேலே விட்டுவைத்த கேள்விக்கு வருவோம். பாதைக்குத் தடிமன் இல்லை. தீட்டப்பட்ட கோட்டுக்கு உண்டு. 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள கோட்டின் முடிவில், 12 மில்லிமீட்டர் நீளமும் அடியில் 8 மில்லிமீட்டர் அகலமும் உள்ள இருசமபக்க முக்கோணத்தை, அதன் கூர் பாதையின் முடிவில் இருக்குமாறு வைப்பதாகக் கொள்வோம். கூரின் அகலம் சுழி. அங்கே கோட்டின் அகலமோ 4 மில்லிமீட்டர். ஆகவே கோட்டின் தட்டையான முனை கூரின் இருபுறமும் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். அம்பு மழுங்கிய உளிபோல் தோன்றும். முக்கோணத்தின் அகலம் 4 மில்லிமீட்டர் ஆவது கூரிலிருந்து 6 மில்லிமீட்டர் உள்ளே. எனவே கோடு குறைந்தது 6 மில்லிமீட்டர் முன்னதாகவே நின்றுவிட வேண்டும்.

கோட்டைக் குறுக்குவது ஒரு வழி. கோட்டை அப்படியே விட்டு முக்கோணத்தை முன்னால் தள்ளுவது மற்றொரு வழி. இரண்டாவது எளிது. ஆனால் கூர் இப்போது பயனர் குறித்த இடத்தைத் தாண்டிவிடும். பெட்டியின் விளிம்பைத் தொட வேண்டிய அம்பு பெட்டிக்குள் குத்தும். உயிரியல் படத்தில் உட்கருவைச் சுட்ட வேண்டிய கோடு சற்றுத் தள்ளி வேறொன்றைச் சுட்டும். இல்லஸ்ட்ரேட்டர் தெரிவைப் பயனரிடமே விட்டதற்கு இதுவே காரணம். எஸ்.வி.ஜி.யிலும் முத்திரையின் எந்தப் புள்ளி பாதையின் முடிவில் அமர வேண்டும் என்று குறிக்க முடியும். கோட்டைத் தானாகக் குறுக்கும் வசதிதான் அதில் இல்லை.

வளைந்த கோட்டில் சிக்கல் இரட்டிப்பாகிறது. அம்புமுனை, முடிவுப் புள்ளியில் வளைவுக்கு வரையப்படும் தொடுகோட்டின் திசையில் வைக்கப்படுகிறது. முனையின் கூர் வளைவின் மேல் இருந்தாலும் அதன் அடிப்பகுதி தொடுகோட்டின் மேல் இருக்கும். வளைவோ அதற்குள் விலகிச் சென்றிருக்கும். 20 மில்லிமீட்டர் ஆரமுள்ள வட்ட வில்லில் 10 மில்லிமீட்டர் நீள அம்புமுனையை வைத்தால், அதன் அடியில் விலகல் ஏறத்தாழ 2.7 மில்லிமீட்டர். தலை ஒரு பக்கமும் தண்டு ஒரு பக்கமுமாக, கழுத்துச் சுளுக்கியதுபோல் இருக்கும்.

இதை முழுமையாக ஆராய்ந்தவர் டில் டன்டாவ். தம் முனைவர் பட்ட ஆய்வேட்டுக்காக அவர் தொடங்கிய வரைகலைத் தொகுப்பே லேடெக் பயனர்களிடம் புகழ்பெற்ற டிக்ஸ். 2013 இறுதியில் வந்த அதன் மூன்றாம் பதிப்பில் அம்புமுனைகள் புதிதாக வடிவமைக்கப்பட்டன. வளைவில் அம்பு வைக்க மூன்று அணுகுமுறைகள் தரப்பட்டன. முதலாவது, வளைவின் முடிவுப் புள்ளியைப் பின்னுக்கு இழுப்பது. விரைவானது, ஆனால் வளைவின் வடிவம் சற்றுக் கெடும். இரண்டாவது, வளைவைத் தொடாமல் அம்புமுனையைச் சற்றே திருப்புவது. மூன்றாவது, அம்புமுனையையே வளைப்பது. மெட்டாபோஸ்ட் போகிற போக்கில் செய்ததை இங்கே விரிவாகக் கணக்கிட்டுச் செய்ய வேண்டியிருந்தது. ஆனால் விதவிதமான வடிவங்களுக்கு அந்தப் பழைய முறை இடம் தராது என்பதையும் சொல்ல வேண்டும்.

வடிவமே பொருளாகும்போது

அம்புமுனையின் வடிவம் ரசனையைப் பொறுத்தது என்று எண்ணுவோர் 1997இல் தரமாக ஏற்கப்பட்ட யு.எம்.எல். வரைபடங்களைப் பார்க்கலாம். அதில் உள்ளீடற்ற முக்கோண முனை, ஒரு வகுப்பு இன்னொன்றின் சிறப்பு வகை என்று சொல்கிறது. நிரப்பிய வைரம், ஒன்று மற்றொன்றின் உறுப்பு என்கிறது. செய்திப் பரிமாற்றப் படத்தில் நிரப்பிய முனை, பதில் வரும்வரை காத்திருப்பதைக் குறிக்கும்; திறந்த முனை, காத்திராமல் செல்வதைக் குறிக்கும். முனையை மாற்றினால் நிரலின் அமைப்பே மாறிவிடும். உள்ளீடற்ற முக்கோணம் மென்பொருளுக்கும் ஒரு சோதனை. அதன் வழியே கோடு ஊடுருவித் தெரியக் கூடாது. அதை மறைக்க வெள்ளை நிறம் நிரப்பினால், பின்னணி மஞ்சளாக இருக்கும்போது முக்கோணம் மட்டும் வெள்ளையாகப் பல்லிளிக்கும்.

வேதியியலில் இது இன்னும் கூர்மையானது. இருபுறமும் முனையுள்ள ஒற்றைக் கோடு உடனிசைவைக் குறிக்கும். எதிரெதிரான இரு அரைமுனை அம்புகள் சமநிலையைக் குறிக்கும். முழு முனையுள்ள வளைந்த அம்பு எலக்ட்ரான் இணையின் நகர்வு. அரைமுனையுள்ள தூண்டில் அம்பு ஒற்றை எலக்ட்ரானின் நகர்வு. அரைமுனை அம்பு வேண்டும் என்று தேடும் பதினோராம் வகுப்பு மாணவர், தம் மென்பொருளின் பட்டியலில் அது இல்லாததால் முழு முனையை வைத்துவிட்டால், உறுப்புகளாகச் சமமாகப் பிளந்த பிணைப்பு, ஒருபக்கமாகப் பிளந்ததாக விடைத்தாளில் பதிவாகும். பட்டியலில் என்ன அம்பு இருக்கிறது என்பது எதை வரைய முடியும் என்பதையும் முடிவு செய்கிறது.

பெட்டியோடு நகரும் கோடு

அம்பு எதையாவது எதோடாவது இணைக்கவே வரையப்படுகிறது. பெட்டியை நகர்த்தினால் அம்பும் உடன் நகர வேண்டும் என்பது இயல்பான எதிர்பார்ப்பு. 1963இல் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லேண்ட் செய்துகாட்டிய ஸ்கெட்ச்பேட் திட்டத்திலேயே, ஒரு புள்ளியை ஒளிப்பேனாவால் நகர்த்தினால் அதில் சேரும் கோடுகள் எல்லாம் கூடவே நகர்ந்தன. 1992இல் வந்த விசியோ இதைப் பாய்வுப்படங்களுக்குப் பயன்படுத்திப் புகழ்பெற்றது. இங்க்ஸ்கேப்பிலும் இணைப்பான் என்ற தனிக் கருவி உண்டு. இத்தகைய கோட்டில் அம்பு எங்கிருந்து எங்கே செல்கிறது என்பது இரண்டு ஆயங்களாக மட்டுமின்றி, 'இந்தப் பெட்டியிலிருந்து அந்தப் பெட்டிக்கு' என்ற உறவாகவே கோப்பில் பதிகிறது.

அந்த உறவு கோப்பு வெளியே போகும்வரைதான் நிலைக்கும். படத்தை பி.டி.எஃப். ஆக மாற்றும்போது பாதைகளும் நிறங்களும் மட்டுமே செல்கின்றன. பி.டி.எஃப். பக்கத்தின் வரைகலைக் கட்டளைகள் போஸ்ட்ஸ்கிரிப்ட்டின் வழிவந்தவை. அங்கும் மூன்று முனைகள்தான். எனவே அம்பு ஒரு கோடாகவும், அதன் அருகே கிடக்கும் ஒரு முக்கோணமாகவும் பிரிந்துவிடுகிறது. அக்கோப்பை மீண்டும் வரைகலை மென்பொருளில் திறந்து கோட்டை இழுத்தால் முக்கோணம் இருந்த இடத்திலேயே கிடக்கும். ஆனால் அதே பி.டி.எஃப். வடிவத்தில், படிப்பவர் பக்கத்தின் மேல் இடும் குறிப்புரைக் கோடுகளுக்கு மட்டும் திறந்த அம்பு, மூடிய அம்பு, வட்டம், வைரம் என்று முனைகளின் பெயர்ப்பட்டியல் இருக்கிறது. மாணவர் அனுப்பிய படத்தில் ஆசிரியர் பிழையைச் சுட்டி ஓர் அம்பு இட்டால், அதை அம்பு என்று கோப்பு அறியும். மாணவர் வரைந்த அம்புகளோ அதற்கு இன்னும் கோடுகளும் முக்கோணங்களும்தான்.